நாற்பதடி வரை முழங்கால்

நான் போகாத கடற்கரை ஒன்று
எனக்கு மனப்பாடம்.

மத்தியதரைக் கடலில் ஒரு தீவு.
அதன் தென்கிழக்கு மூலையில்
வெட்டிப்போட்ட நகம்போல் வளைந்த வெள்ளை மணல்.
நாற்பதடி வரை முழங்கால்தான், மேடம்.
அதற்கப்பால்தான் இடுப்பு.
கைக்குழந்தையோடு தாராளமாகப் போகலாம்.
குடை வாடகை அறைக்கட்டணத்தில் சேர்த்தி.
ஓட்டல் வாசலிலிருந்து பொம்மை ரயில்
பத்தேகால் முதல் அரைமணிக்கொன்று.

மலாட், மைண்ட்ஸ்பேஸ், ஆறாவது மாடி.
மதியம் ஒன்றரை முதல் இரவு பத்தரை வரை
என் பெயர் ஜெஸ்.
ஜெபசெல்வி என்று சொல்லி முடிப்பதற்குள்
அங்கே ஒரு பவுண்டு செலவாகிவிடுமாம்.

ஜெல்லிமீன் கடிக்குமா என்பார்கள்,
அதற்கு ஒரு பக்கம் இருக்கிறது.
மணல் சுடுமா, இருக்கிறது.
பிள்ளைகள் சாப்பிட வெறும் பாஸ்தா கிடைக்குமா,
அதற்கு இரண்டு பக்கம்.

ஒருமுறை ஒரு கிழவர், லீட்ஸ்காரர்.
எழுபத்தெட்டில் மனைவியோடு போனாராம்.
"இன்னும் அதே வாசனைதானா?"
திரையை மேலும் கீழும் உருட்டினேன்.
எங்கள் கழிவறையில்
பச்சை ஃபினாயில் டப்பா ஒன்று உண்டு,
மேலே பைன் மரம் வரைந்தது.
பைன் வாசனை சார், கூடக் கொஞ்சம் உப்பு, என்றேன்.
நெடுநேரம் பேச்சில்லை.
"ஆமாம். அதேதான்."
பதிவு செய்யாமலே வைத்துவிட்டார்.

எப்போதாவது கிடைக்கிற ஞாயிறு
போன வாரம் கிடைத்தது.
இருநூற்றி எழுபத்தொன்றில் ஏறினோம்.
மால்வணி தாண்டும்வரை நின்றபடி,
பிறகு எட்வின் மடியில் ஷாரோன்,
என் மடியில் இடியாப்பத் தூக்கு.

அக்சா.
இறங்குமிடத்தில் மூன்று மொழியில் ஒரு பலகை,
தண்ணீரில் இறங்காதே என்று.
கீழே, இந்த ஆண்டு மூழ்கியவர்கள்: ஓர் எண்.
அழித்து அழித்து எழுதியதில்
அந்த இடம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.
மஞ்சள் சட்டைக்காரர் விசிலை
வாயிலிருந்து எடுக்கவேயில்லை.
ஜால்ரா கட்டிய குதிரை ஒன்று
செல்ஃபி எடுப்பவர்களுக்கு ஒதுங்கி நடந்தது.
மட் பக்கமிருந்து காற்று
பொம்பில் கருவாட்டை அள்ளிக்கொண்டு வந்தது.
குடை கிடையாது.
எட்வின் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்து நின்றான்,
பந்தக்கால் மாதிரி.

ஷாரோன் கவுனைச் செருகிக்கொண்டு கேட்டாள்:
"எதுவரைக்கும் போலாம்மா?"
என் வாய் தானாகத் திறந்தது.
நாற்பதடி வரை...
இங்கிலீஷில்.
"ஐய, ஆபீஸ் குரல்!" என்று சிரித்தாள்.

கணுக்கால் வரை போனோம்.
அலை திரும்பும்போது
உள்ளங்காலுக்குக் கீழேயிருந்து
கரண்டியால் சுரண்டி எடுத்தது கடல்.
அவள் வளையல் என் விரலில் அழுந்தி
சிவப்பாய் ஒரு கோடு.
விசில்.
இன்னொரு அலை. மறுபடி விசில்,
அது எங்களுக்கில்லை,
தூரத்தில் தோளோடு தோள் கோத்து இறங்கிய
ஐந்து பையன்களுக்கு.
எண்ணிக்கொண்டே நின்றேன்.
ஐந்து பேரும் கரையேறிய பிறகுதான்
இடியாப்பம் பிரித்தேன்.

திங்கள், நாலு மணி அழைப்பு.
ஒரு தாய்.
பின்னால் இரண்டு பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொள்கின்றன.
நாற்பதடி வரை முழங்கால்தான், மேடம்.
"உன் பிள்ளையை நீ கூட்டிப்போவாயா?"
கர்சர் கண் சிமிட்டிக்கொண்டேயிருந்தது.
"நேற்றுதான் போனோம்," என்றேன்.
"கணுக்கால் வரை.
கையை மட்டும் விடவில்லை."

நான்கு பேர், ஏழு இரவு, பதிவானது.

ஆனாலும் தரச் சோதனையில் இரண்டு மதிப்பெண் வெட்டு.
கை விஷயம் ஸ்கிரிப்டில் இல்லையே ஜெஸ், என்றார் ரோஹன்.
கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.
பேனா தேடிப் பைக்குள் விட்ட விரலில்
நகக்கண் நிறைய
கறுப்பு மணல்.